வீட்டில் ஒருமனம்

செப்டம்பர் 4, வியாழன்

பல் செட் செய்கிற எங்கள் லேபுக்கு இன்று ஒன்று திரும்பி வந்தது. ரொம்ப வெள்ளையாக இருக்கிறது, தன் பல் மாதிரியே இல்லை என்று அந்தப் பெரியவர் டாக்டரிடம் சண்டை போட்டாராம். எங்கள் லேபில் மெருகு போடுகிறவனை எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிடுவோம். அவன் சொன்னான்: "பல்லு இருந்தப்ப அவர் என்னைக்கு விளக்கினாரு, கலர் ஞாபகம் இருக்க?" முதலாளியம்மாவே சிரித்துவிட்டார். கொஞ்சம் மஞ்சள் கூடின பற்களை எடுத்து மறுபடி வரிசை வைத்தேன். மெழுகில் பல் பதிக்கிற நேரம் மட்டும்தான் என் மனம் ஓரிடத்தில் நிற்கிறது. மற்ற நேரமெல்லாம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெபக்கூட்டம் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம். சாப்பிடும்போது சொன்னார், "சபையில அண்ணன் என்னைத் தனியா கூப்பிட்டுப் பேசினார். ஞாயித்துக்கிழமை ஏதோ சொல்லப் போறாராம். எனக்குன்னே."

எனக்கு உடனே பயம்தான் வந்தது. ஏன்? நல்ல செய்தியாக இருக்கக் கூடாதா? என் மனம் ஏன் எதிலும் முதலில் கெட்டதையே போய்த் தொடுகிறது?

செப்டம்பர் 7, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றும்.

எங்கள் சபை கூடுவது மரச்சாமான் கடைக்கு மேலே இருக்கிற ஹாலில். படியேறும்போதே வார்னிஷ் வாசனை அடிக்கும். சபையை நடத்துகிறவரை யாரும் போதகர் என்று சொல்வதில்லை. சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் அண்ணன். இவருக்கு அவர்மேல் உயிர். காரணம் இல்லாமல் இல்லை. இவருடைய தம்பி விபத்தில் போனபோது, இவர் அன்னம் தண்ணீர் இல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு அண்ணன் வந்தார். புத்தி சொல்லவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. தரையில் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். அப்படித்தான் இவர் ஆண்டவரை அறிந்தார்.

நான் பிறவிக் கிறிஸ்தவள். அப்பா பெரிய ஆலயத்தில் பாடகர் குழு நடத்தியவர். எனக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம். ஆனாலும் இவர் ஜெபிப்பதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். முதலில் அப்பாவின் விசுவாசத்தில் ஒதுங்கியிருந்தேன். கல்யாணமாகி, இவரும் விசுவாசத்துக்கு வந்த பிறகு, இவருடையதில் ஒதுங்கிக்கொண்டேன். எனக்கென்று ஒன்று இருந்ததா?

இன்று அண்ணன் இவரை முன்னால் அழைத்துத் தோளில் கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு: "இளவயசுல இருந்து இந்த உடம்புல ஊசி குத்திக்கிட்டு இருக்க. ஆண்டவர் போதும்கிறாரு. உபவாச ஜெபம் ஆரம்பிக்கிற ஞாயிறு அன்னைக்கு அதையெல்லாம் இங்க கொண்டு வந்து போட்டுடு. அதோட உனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

ஹால் முழுக்க அல்லேலூயா. இவர் தேம்பித் தேம்பி அழுதார். நான் கை தட்டினேன். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் எப்படி நிற்பது?

இவருடையது மாத்திரையில் சமாளிக்கிற சுகர் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "இன்சுலின் இவருக்கு மருந்துன்னு நினைக்காதம்மா. மூச்சுன்னு நினைச்சுக்க."

செப்டம்பர் 8, திங்கள்

ஜெபிக்க உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. எழுந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, வீட்டுல ஒருமனம் இருக்கணும். ஒருத்தர் விசுவாசிச்சு ஒருத்தர் சந்தேகப்பட்டா, அந்தச் சந்தேகத்து வழியாத்தான் சத்துரு உள்ள வருவான். உன் மனசுல ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடும்மா."

இவர் என்னைப் பார்த்த பார்வை! பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி.

"இல்லண்ணா," என்றேன்.

அண்ணன் கண்ணில் கபடம் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். ஏமாற்றுக்காரராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! அவர் நம்புகிறார். இவர் நம்புகிறார். நான் ஒருத்திதான் ஓட்டை. அப்படியானால், நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆனால் — இன்சுலினை நிறுத்தினதால் இல்லை, என்னால் என்றுதானே ஆகும்?

நிஜமாகவே என் வழியாகச் சாத்தான் வருகிறானோ? மனதுக்குள் "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துகிறதே ஒரு குரல், அது யாருடையது?

செப்டம்பர் 13, சனி

அக்காவுக்கு போன் பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது.

"உனக்கு மூளை கீளை இருக்காடி? இதுக்குத்தான் நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கறதில்ல. அப்பாவோட போச்சு எல்லாம். சாமியும் வேண்டாம், சபையும் வேண்டாம், அந்த மனுஷனை இழுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடு."

"அக்கா, நான் ஆண்டவரை விடறேன்னு சொல்லலையே."

"அப்ப ஊசியை விடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு."

ரெண்டில் ஒன்று. அண்ணனும் அதைத்தான் சொல்கிறார், அக்காவும் அதைத்தான் சொல்கிறாள். நம்பினால் ஊசியை விடு. ஊசி வேண்டுமென்றால் நம்பிக்கையை விடு. இந்த ரெண்டுக்கும் நடுவில் எனக்கு நிற்க ஒரு சாண் இடம் கிடையாதா?

செப்டம்பர் 15, திங்கள்

லேபில் மதியம் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணை மூடி ஜெபிக்கப் பார்த்தேன். கண்ணை மூடினதும் அண்ணனின் முகம் வருகிறது. திறந்து, மறுபடி மூடினாலும் அதே முகம். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "உன் மனசுல ஏதாவது இருக்கா?" என்கிறது.

எத்தனை நாளாக இந்த முகத்திடம் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்?

அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தேன். எதிரே பிளாஸ்டர் அச்சுகள், மெழுகு உருக்குகிற விளக்கு, ஒரு வரிசைக் கீழ்ப்பல். "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது." அவ்வளவுதான் சொல்ல வந்தது. பாலிஷ் உள்ளே வந்து, "யார்கிட்ட பேசறீங்கக்கா, பல்லுகிட்டயா?" என்றான். "ஆமாடா, அதுதான் வாயை மூடிக்கிட்டு கேக்குது," என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று துணிந்து கேட்டேன். இவர் வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்கின் கை. எவ்வளவு கழுவினாலும் ரேகையில் கறுப்பு நிற்கும்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாமே?"

"டாக்டர் என்ன சொல்வார்னு உனக்கே தெரியும்." கோபப்படவில்லை. "இங்க பாரும்மா. லிஃப்ட்ல ஏறுறவங்க கயித்தைப் பார்த்துட்டா ஏறுறாங்க? நம்பி ஏறுறாங்க. அதுதான் விசுவாசம்."

"நீங்க மாசாமாசம் போய்க் கயித்தைப் பார்க்கறீங்களே. அதனாலதானே அவங்க நம்பி ஏறுறாங்க?"

குழாயை மூடினார். சிரிப்பு வரப் பார்த்தது அவருக்கு, உதடு கோணியது. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் தலையில் வைத்தார். "ஆண்டவரே, இவளைச் சந்தேகத்திலேர்ந்து விடுதலையாக்கும்" என்று எனக்காக ஜெபித்தார். எவ்வளவு அன்பான குரல்! நான் குனிந்து நின்றேன். ஆமென் சொன்னேனா? சொன்னேன்.

செப்டம்பர் 20, சனி

இவர் ஊசி குத்திக்கொள்கிற இன்சுலின் பேனா ஒன்றை மட்டும் எடுத்து, டிபன் டப்பாவுக்குள் வைத்து, லேபுக்குக் கொண்டுபோய் அங்கே இருக்கிற ஃப்ரிட்ஜில் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? நாளைக்கு உபவாச ஜெபத்தில் ஒரு கையால் கொடுக்கப் போகிறேன், இன்னொரு கையால் ஒளிக்கிறேன். விசுவாசமும் முழுசாக இல்லை, அவிசுவாசமும் முழுசாக இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

இருவரும் சேர்ந்துதான் பையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனோம். அங்கே ஒரு சாதாரண பிளாஸ்டிக் வாளி. இவர் பையைக் கவிழ்த்தார். பேனாக்கள் டொக், டொக் என்று விழுந்தன. அண்ணன் கண் கலங்கிவிட்டார். பாட்டு ஆரம்பித்தது. எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். இன்சுலின் வைக்கிற தட்டு காலி. துடைத்து வைத்தேன். வேறென்ன செய்ய?

செப்டம்பர் 22, திங்கள்

தண்ணீர், தண்ணீர் என்கிறார். குடத்தைக் கவிழ்த்தாலும் தாகம் தீரவில்லை. "உடம்பு பழைய மருந்தையெல்லாம் கழுவி வெளிய தள்ளுது" என்று சிரிக்கிறார். வேலைக்கும் போய் வந்தார். நான் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடிந்ததிலிருந்து வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். "சோதனை. இது கடைசிச் சோதனை." அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

லேபுக்கு ஓடிப் போய் அந்தப் பேனாவை எடுத்து வந்தேன். "ஒரே ஒரு தடவை. எனக்காக." கையைத் தட்டிவிட்டார். அந்தப் பார்வை — இத்தனை வருஷத்தில் இவர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. "எங்க இருந்து வந்துச்சு இது? எல்லாத்தையும் போட்டோம்ல?" என்றார். சமையலறைக்கு வந்துவிட்டேன். பேனாவைக் கைப்பைக்குள் போட்டேன். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

சாயங்காலம் அண்ணனும் சபையாரும் வருகிறார்களாம்.

சிலுவைக்கு முந்தின இரவு ஆண்டவர் தோட்டத்தில் பயந்தாரே. வியர்த்து ஊற்றியதே. இது என்னை விட்டுப் போகட்டும் என்று கேட்டாரே. அதைச் சந்தேகம் என்று யாராவது சொன்னோமா? பயப்படுகிறவளும் அவருடையவளாக இருக்கலாம்தானே? இருக்கலாம்தானே?

கூப்பிடுகிறார். போகிறேன்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தா. என் அக்கா எழுத ஒரு பேனாவும் வீட்டிலிருந்து இந்த நோட்டும் கொண்டு வந்து கொடுத்தாள். முந்தாநாள் நடந்ததை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நான் வேறு மாதிரி நடந்ததாக நினைத்துக்கொள்வேன்.

அவர்கள் வரும்போது இவர் கட்டிலில் கிடந்தார். மூச்சு ஆழமாக, வேகமாக, மேடு ஏறினவர் மாதிரி. அறை முழுக்க அழுகின பழ வாசனை. எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். அண்ணன் இவர் நெற்றியில் கை வைத்து ஜெபித்தார். சட்டையெல்லாம் வியர்வை. உண்மையாகத்தான் போராடினார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். திடீரென்று நிறுத்தினார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இந்த வீட்டுல ஏதோ ஒளிச்சு வச்சிருக்கு. அதுதான் தடை."

என் கைப்பை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படித் தெரியும் அண்ணனுக்கு? அப்படியானால் இது ஆண்டவர் குரல்தானா? இவ்வளவு நாளும் நான்தான் தப்பா? இப்போதே எடுத்துக் கொடுத்தால் இவர் எழுந்து உட்கார்ந்துவிடுவாரா? என் கை பையை நோக்கிப் போயிற்று. பொய் எழுத மாட்டேன்: எடுத்துக் கொடுக்கத்தான் போயிற்று.

அந்த நேரத்தில் இவர் கண்ணைத் திறந்து மூலையைப் பார்த்தார். பீரோவுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில். "தம்பி வந்திருக்கான்," என்றார். சந்தோஷமாக. "வாடா, உக்காரு."

"தரிசனம்! ஸ்தோத்திரம்!" என்றார் ஒரு பிரதர்.

நான் அந்த மூலையைப் பார்த்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவரும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் பயம். அது தெரிந்த அந்த நொடியில்தான் என் வாய் திறந்தது.

"ஆமா. ஒளிச்சு வச்சது நான்தான்." பேனாவை எடுத்துக் காட்டினேன். "எனக்குப் பயமா இருக்கு. பயந்துகிட்டேதான் சொல்றேன். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போறேன்."

"தங்கச்சி, இப்ப கூப்பிட்டா ஆண்டவரை மறுதலிக்கிற மாதிரி."

"இல்லண்ணா. அவரை மறுதலிக்கல. நீங்க சொன்னதைத்தான் மறுக்கிறேன்."

"இது நீ பேசல. உன் வாயில இருந்து பேசறது வேற யாரோ."

"நான்தான் பேசறேன். இவர் பொண்டாட்டி. ஆண்டவர் பேரால ஞானஸ்நானம் வாங்கினவ. எனக்குள்ள வேற யாரும் இல்ல."

இதைத் தைரியமாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். குரல் கீச்சென்று போய்விட்டது, மூக்கு ஒழுகியது. போனில் நம்பரைத் தப்புத் தப்பாக அழுத்தினேன். தரிசனம் என்று கத்தின பிரதர் வாசலை மறித்து நின்று, "யோசிங்க சிஸ்டர், யோசிங்க" என்றார். சபையில் தையல் வேலை செய்கிற அக்கா ஒருத்தி உண்டு. யாரோடும் அதிகம் பேச மாட்டாள். அவள்தான் முன்னால் வந்தாள். "வழி விடுங்க பிரதர்," என்றாள், ஏதோ பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் மாதிரி. கீழே இறங்கிப் போய் ஆம்புலன்ஸ் ஆட்களை வழி காட்டி அழைத்து வந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு இவர் என்னைப் பார்த்துச் சொன்னது: "ஏம்மா இப்படிப் பண்ணின?"

இங்கே டாக்டர் சத்தம் போட்டார். "படிச்சவங்கதானே? யாரு நிறுத்தச் சொன்னது?"

அண்ணனைச் சொல்லியிருக்கலாம். இவரைச் சொல்லியிருக்கலாம். "நாங்க நிறுத்திட்டோம் டாக்டர்," என்றேன். நானும்தானே பையைப் பிடித்தேன்.

இவரை உள்ளே கொண்டுபோன பிறகு இந்த பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இந்தச் சபை — எதுவும் கூட வரவில்லை. "ஆண்டவரே, நான்" என்றேன். அதற்கு மேல் வார்த்தை இல்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. கண்ணை மூடித்தான் இருந்தேன். எந்த முகமும் வரவில்லை.

செப்டம்பர் 27, சனி

கண் விழித்துவிட்டார். ஆபத்தைத் தாண்டியாச்சு என்றார்கள். கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பரவாயில்லை. திரும்பிப் படுக்க உயிர் இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். வேளாவேளைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார். தண்டனையை அனுபவிக்கிறவர் மாதிரி. நான் அறைக்குள் போனால் பேச்சை நிறுத்துகிறார் என்று எழுத வந்தேன். பேச்சே இல்லை, எதை நிறுத்த?

மதியம் நானே கேட்டேன், "என் மேல கோபமா?"

"கோபம் இல்ல." பிறகு: "நீயும் முழுசா நம்பியிருந்தா நடந்திருக்குமோன்னுதான்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நெஞ்சில் தைத்துவிட்டது. குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்தது சரிதான் என்று தெரிகிறது. தெரிந்தும் ஏன் இந்தப் படபடப்பு அடங்கவில்லை? சரியானதைச் செய்தால் சமாதானம் வரும் என்றல்லவா எல்லோரும் சொன்னார்கள்!

அக்டோபர் 5, ஞாயிறு

இவர் எழுந்திருக்கவில்லை. நான் மட்டும் பெரிய ஆலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கதவருகே ஒரு அம்மா, "யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். அப்பா பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. "இங்க பக்கத்துலதான் இருக்கேன். ஜெபிக்க வந்தேன்," என்றேன்.

"வா, உக்காரு," என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 9, வியாழன்

ஹாலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்களாம். பின்வாங்கிப் போன வீடு, யாரும் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று. போன மாதம் என்னைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு சிஸ்டர், இன்று கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் செருப்புக் கடைக்குள் நுழைந்துவிட்டார். நான் தாண்டிப் போகிற வரைக்கும் ஆண்கள் செருப்பைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லேபில் சொன்னேன். பாலிஷ் கேட்டான், "வாங்கினாங்களாக்கா?" வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. முதலாளியம்மா பேசாமல் என் மேஜையிலிருந்த வேலையைத் தன் மேஜைக்கு எடுத்துப் போனார்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று பேசினார்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்க்காமலே, "அண்ணன் வரலையே," என்றார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. தம்பி செத்தப்ப தினம் வந்தாரு. நான் செத்துப் பொழைச்சிருக்கேன், ஒரு தடவை எட்டிப் பார்க்கலையே. ஒரு போன்கூட இல்ல."

அண்ணனைத் திட்டுவதற்கு நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இப்போது திட்டினால் இவர் அவர் பக்கம் பேசியாக வேண்டும்.

"அவருக்கும் பயமா இருந்துச்சுங்க," என்றேன். "நீங்க தம்பி வந்திருக்கான்னு சொன்னப்ப அவர் முகத்தைப் பார்த்தேன்."

"நான் அப்படியா சொன்னேன்?"

இவருக்கு அது ஞாபகமே இல்லை! சொன்னேன், எல்லாவற்றையும். மூலை, பீரோ, "வாடா, உக்காரு" என்றது. கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி போனபோது அழுதாரே, அதே அழுகை. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

ஓய்ந்த பிறகு கேட்டார்: "அப்ப நான் நம்பினது எல்லாம் பொய்யா? ஆண்டவர் என்னை அன்னைக்குத் தூக்கினது, அதுவுமா?"

"அது பொய் இல்ல. தூக்கினவர் ஆண்டவர்தான். அண்ணன் உங்க கையைப் பிடிச்சிட்டு இருந்தாரு, அவ்வளவுதான். இந்தத் தடவை அந்தக் கை இல்ல. ஆனா நீங்க விழலையே."

எங்கிருந்து வந்தது எனக்கு இந்தப் பேச்சு? ஒதுங்கி நிற்க யாருடைய விசுவாசமும் இல்லாமல், சொந்தமாக ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகும் உள்ளங்கை வேர்த்திருந்தது. வேர்க்கட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "வரேம்மா," என்றார். பழைய குரல் இல்லை. ஆனால் குரல்.

அக்டோபர் 19, ஞாயிறு

இருவரும் பெரிய ஆலயத்துக்குப் போய் வந்தோம். பாட்டு மெதுவாக இருக்கிறது என்று இவர் வழியெல்லாம் குறை சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. குறை சொல்கிற அளவுக்கு மனுஷன் தேறிவிட்டார்.

மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் தையல் அக்கா. எங்களோடு பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே! படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"எம்பொண்ணுக்கு இழுப்பு இருக்கு, தெரியும்ல? இன்ஹேலரை நிறுத்தச் சொல்லியிருக்காங்க. நானும் நிறுத்திட்டேன். நேத்து பள்ளிக்கூடப் படியில உக்காந்துட்டாளாம், ஏற முடியாம." டம்ளரைக் கீழே வைத்தாள். "திரும்பக் கொடுத்தா ஆண்டவர் என்னைக் கை விட்டுடுவாரா? நீங்க சொல்லுங்க. நீங்கதான் அன்னைக்கு எந்திரிச்சு நின்னீங்க."

நானா? நான் யார் இதற்குப் பதில் சொல்ல? இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை விட மாட்டாருக்கா," என்றேன். "இன்னைக்கே கொடுங்க. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா."

"பயமா இருக்கு."

"எனக்கும் இருக்கு. இப்பவும். அது போகல. போற வரைக்கும் காத்திருந்தா ஒண்ணும் நடக்காது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க," என்றாள்.

வாழ்க்கையில் நான் மற்றவர் முன்னால் வாய்விட்டு ஜெபித்ததில்லை. அப்பா இருந்தார், பிறகு இவர் இருந்தார். இன்று ஜெபித்தேன். அழகாக இல்லை. நடுவில் இரண்டு தடவை திக்கினேன். அந்தப் பெண்குழந்தையின் மூச்சுக்காக, அதைக் கவனிக்கப் போகிற டாக்டருக்காக, இந்த அக்காவின் பயத்துக்காக. கடைசியில் அண்ணனுக்காகவும். அது எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.

முடித்துக் கண்ணைத் திறந்தேன். பிறகு இவர் குரல்: "ஆமென்."

நாளைக்குக் காலையில் தையல் அக்காவோடும் அவள் மகளோடும் டாக்டரிடம் போகிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம். முதலாளியம்மாவுக்கு போன் பண்ணி அரை நாள் லீவு கேட்டேன்.

"என்ன காரணம் சொன்ன?" என்று இவர் கேட்டார்.

"சபை வேலைன்னு சொன்னேன்."